ஏழாம் ஆலையில் கிடைத்த எஃகுப் பட்டை

மனிதகுல வரலாற்றில், தேதி போட்டு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய சம்பவங்கள் சில உண்டு. சாம்ராஜ்யங்கள் கவிழ்ந்திருக்கின்றன, கண்டங்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. அந்த வரிசையில், 1868ஆம் ஆண்டு ஏப்ரல் பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை, டெலவேர் மாநிலம் ஹெரன் ஓடைக்கரை வெடிமருந்துத் தொழிற்சாலையின் ஏழாம் ஆலையில், கட்டைவிரல் அகலமும் ஒன்பது அங்குல நீளமும் கொண்ட ஓர் எஃகுப் பட்டை கிடைத்தது.

இதை அந்த வரிசையில் சேர்த்தவர் மேலாளர் லூசியஸ் வெதர்பி துரை. மறுநாள் விடிந்ததும் வாயிற்கதவில் அவர் ஒட்டிய அறிவிப்பு எண் 31, "நாகரிகத்தின் அஸ்திவாரம் ஆட்டம் கண்டிருக்கிறது" என்று தொடங்கி, நான்கு பத்தி தாண்டிய பிறகு விஷயத்துக்கு வந்தது. ஏழாம் ஆலையின் பொறுப்பாளி பார்ட்லி டெவ்லின் வேலையிலிருந்து நீக்கப்பட்டான். சனிக்கிழமை நடுப்பகலுக்குள் கம்பெனி வீட்டைக் காலி செய்ய வேண்டும். நற்சான்றிதழ் கிடையாது.

நற்சான்றிதழ் இல்லையென்றால் வேறு எங்கும் வேலையும் இல்லை. வெடிமருந்து ஆலைக்குள் இரும்பைக் கொண்டுபோனவன் என்று பெயர் வாங்கியவனை மாட்டுக்குத் தண்ணீர் காட்டக்கூட யாரும் கூப்பிடமாட்டார்கள். ஹெரன் ஓடையில் ஒவ்வோர் ஆலைக்கும் மூன்று பக்கம் கஜ கனத்துக்குக் கல்சுவர். ஓடையைப் பார்த்த நான்காவது பக்கம் மட்டும் வெறும் பலகை. ஒரு பொறி விழுந்தால் போகிறதெல்லாம் அந்தப் பக்கமாகப் போகட்டும் என்கிற ஏற்பாடு. ஆலைக்காரன் ஒருவன் செத்துப்போனால் "ஓடையைத் தாண்டிட்டான்" என்பார்கள். பெரும்பாலும் அது உவமை அல்ல.

புதன்கிழமை காலை, அந்த அறிவிப்பைக் கதவிலிருந்து கிழித்து எடுத்துக்கொண்டு, பார்ட்லியின் மனைவி யூனா, தையல்காரி ஹனோரா கீலியின் வீட்டுக்குள் புயல் மாதிரி நுழைந்தாள். பின்னாலேயே வாயிற்காவலன் ஃபின்டன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அக்கா, அதைக் கிழிக்கக் கூடாதுக்கா! அறிவிப்பு எண் நாலுப்படி குத்தம்!"

"நீ வேற எண்ணிக்கிட்டு இருக்கியா? என் வீடே தெருவுக்கு வருது!"

ஹனோரா தலை நிமிரவில்லை. நாற்பத்தைந்து வயதான அந்த விதவைதான் தொழிற்சாலையின் நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் பை இல்லாத கால்சட்டை தைப்பவள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே தெளிவாகப் பேசக்கூடியவள். போன வருஷம் பாதிரியாரின் வாத்துகள் காணாமல் போனபோது, ஒருத்தன் கோட்டின் கிழிசலைப் பார்த்தே திருடனைச் சொன்னவள். அன்றிலிருந்து ஃபின்டன் தன்னை அவளுடைய உதவித் துப்பறிவாளனாக நியமித்துக்கொண்டான். அந்த நியமனத்தை அவள் அங்கீகரித்ததும் இல்லை, ரத்து செய்ததும் இல்லை.

"உக்காரு யூனா. பார்ட்லி என்ன சொல்றான்?"

"என்னத்தச் சொல்றது? நாலு புள்ளைங்களையும் சுத்தி வச்சிக்கிட்டு சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கு. அந்தப் பட்டையைக் கண்டெடுத்ததே இந்த மனுஷன்தான்க்கா. சாயங்காலம் மருந்தை அள்ளும்போது மர அகப்பையில தட்டிச்சாம். நேரா கொண்டுபோய் துரை மேசை மேல வச்சிருக்கு, பெரிய யோக்கியன் மாதிரி."

"யோக்கியன் மாதிரி இல்ல. யோக்கியன்தான்," என்றாள் ஹனோரா. "குத்தம் செஞ்சவனா இருந்தா ஓடையில வீசிட்டுப் போயிருப்பான். பத்தடி தூரம்தான் ஓடை."

ஃபின்டன் பென்சிலை நாக்கில் நனைத்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். "நான் கண்டுபிடிச்சிட்டேன்க்கா. இது எதிராளி கம்பெனி வேலை. அக்கரையில நின்னு ஒருத்தன் வில்லால எய்திருக்கான்."

"வில்லாலயா?"

"இல்லேன்னா ஒரு கொக்கு வாயில குடுத்து அனுப்பியிருக்கலாம்."

"கொக்கை அப்புறம் விசாரிப்போம். நேத்து ஏழாம் ஆலைக்குள்ள யார் யார் போனாங்க?"

இதற்கு மட்டும் ஃபின்டனிடம் சரியான பதில் இருந்தது. மூன்று பேர். பார்ட்லி, தச்சர் ரிடில் கிழவர், அப்புறம் மேற்பார்வைக்கு வந்த துரை. மூவரையும் வாயிலில் சோதித்தவன் அவனே. பார்ட்லியின் செருப்பைக் கழற்றி, ஆணிக்குப் பதில் அடித்திருக்கும் மரக்குச்சிகளை எண்ணி, தலைமுடியைக்கூட வாரிப் பார்த்திருக்கிறான். ரிடில் கிழவரின் தாடிக்குள் கையை விட்டதில் ஒரு ரொட்டித் துண்டு கிடைத்தது.

"துரையை?"

"அவரையும்தான். தினம் காலைல எல்லார் முன்னாலயும் கையைத் தூக்கிட்டு 'சட்டம் சகலருக்கும் சமம்! என்னையும் சோதி!'ன்னு நிப்பாரே. தோளைத் தட்டுவேன், பூட்ஸ் அடியைப் பாப்பேன், சலாம் வைப்பேன்."

"நடுவுல?"

"நடுவுலயா? துரை வயித்துல நான் எப்பிடிக்கா கை வைக்கிறது?"

ஹனோரா குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மெத்தையில் குத்தினாள். அவள் வேலைக்குக் கிளம்புகிறாள் என்பதற்கு அது அடையாளம்.

வெதர்பி துரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் பேசினால் அறிவிப்புப் பலகை வாய் திறந்த மாதிரி இருக்கும். பெண்கள் விஷயத்தில் அவருடைய மரியாதை ஓடைக்கரை முழுக்கப் பிரசித்தம். துணி துவைக்கிறவள் அறைக்குள் வந்தாலும் "மாதர் நிற்க நான் அமரேன்" என்று சொல்லி எழுந்து நிற்பார். கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்து நிற்பார். புத்தாண்டிலிருந்து இன்னும் அதிகமாக நிமிர்ந்திருந்தார்.

அன்று ஹனோராவும் யூனாவும் உள்ளே போனபோது அவர் எழுந்திருக்கவில்லை. மேசையை வயிற்றோடு சேர்த்து இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கோட்டின் நடுப் பட்டன் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மணிகளே, நீதி வழங்கப்பட்டுவிட்டது. இனி விசாரணை வீண்."

"விசாரணை இல்ல துரை. பட்டன் தொங்குதே, தச்சுக் குடுக்கலாம்னு வந்தேன்."

"பட்டனை விடுக! ஒழுக்கம் தொங்குகிறது இங்கே! சுயகட்டுப்பாடு வேண்டும். என்னைப் பார்! கிறிஸ்துமஸுக்குப் பின் வெறும் மனவுறுதியால் இடுப்பில் ஆறு அங்குலம் குறைத்தவன் நான்."

"ஆமா துரை, நாந்தானே கால்சட்டையைப் பிடிச்சுத் தச்சேன். நாப்பத்தாறு இருந்தது நாப்பதாச்சு. காலர் மட்டும் அப்பிடியே பதினெட்டு."

துரை இருமினார். பட்டை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், 'நாகரிகத்தின் எதிரி' என்ற சீட்டோடு வைக்கப்பட்டிருந்தது. ஹனோரா கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அளந்தாள். ஒன்பது அங்குலம். தட்டை. இரண்டு முனையும் வழவழப்பாக உருட்டப்பட்டிருந்தன. ஒரு முனையில் மயிரிழை அளவு வெள்ளை நூல் ஒட்டியிருந்தது.

யூனா எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. கல்யாணத்துக்கு முன் வில்மிங்டனில் பெரிய வீடு ஒன்றில் வேலை பார்த்தவள். தினமும் காலையில் எஜமானியம்மாள் முதுகில் முழங்காலை ஊன்றிக் கயிறு இழுத்து இறுக்கியவள்.

"ஐயோ... இது பொம்பளைங்க இடுப்பை இறுக்கிக் கட்டுற கார்செட்டுல வைக்கிற பட்டைக்கா!"

அறையில் ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு நிறைய இருந்தது.

"எந்தச் சிறுக்கிடா அவ? ஆலைக்குள்ள கூப்பிட்டு வச்சுக் கூத்தடிச்சிருக்கான் என் புருஷன்! நம்ம ஊர்ப் பொம்பளை எவளும் எஃகு வச்சுத் தைக்கிறதில்லையே! டவுன்காரிதான்! டவுன்காரி!"

அது உண்மை. ஓடைக்கரைப் பெண்களின் உள்ளாடையில் தடித்த கயிறுதான் வைத்துத் தைப்பார்கள். பட்டன் மரம், கொண்டை ஊசி எலும்பு. புருஷன் வேலைத்துணியும் பெண்டாட்டி துணியும் ஒரே தொட்டியில் புரளுவதால், ஒரு துண்டு எஃகு இடம் மாறினால்கூட மறுநாள் அவள் விதவை. யாரும் அறிவிப்பு ஒட்டாமலே நாற்பது வருஷமாக நடக்கிற ஒரே சட்டம் இதுதான்.

துரையின் முகம் மலர்ந்தது. "இரும்பு, அத்தோடு விபசாரம்! அறிவிப்பைத் திருத்தி எழுத வேண்டும்."

"எழுதுங்க துரை," என்றாள் ஹனோரா. "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஒட்டாம மட்டும் இருங்க. அந்தப் பொம்பளை யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்றேன். பேரோட ஒட்டலாம்."

பெயரோடு ஒட்டலாம் என்பது துரைக்குப் பிடித்திருந்தது. நாளை மாலை ஐந்து மணி என்று அனுமதி கொடுத்தார், அப்போதும் எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்ததும் ஃபின்டன் பரபரத்தான். "டவுன்ல எத்தனை பொம்பளை கார்செட் போடறாங்கன்னு வீடு வீடாப் போய் விசாரிக்கட்டுமாக்கா?"

"நீ போய் விசாரி. அடிபட்டு வா."

பார்ட்லி டெவ்லின் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். ஆறடி உயரம், பயந்த கண்கள். யூனா அவனைத் தாண்டி உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினாள். உள்ளே ஒரு பாத்திரம் பறந்தது.

"என்னவாம் அவளுக்கு?"

"அவளுக்கு உன் மேல ஒரு டவுன்காரி சந்தேகம். நீ அதை விடு. நேத்துக் காலைல துரை வந்தப்ப என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லு."

பார்ட்லி யோசித்து யோசித்துச் சொன்னான். பத்து மணிக்குத் துரை வந்தார். மருந்து அரைக்கும் சக்கரத்துக்கு அடியில் மருந்து சிந்திக் கிடக்கிறது என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தார். நான் தினமும் குனிந்து பார்க்கிறேன் துரை என்று இவன் சொன்னான். "நீ குனிவது குனிவதே அல்ல. இதோ, குனிவது என்பது இப்படி!" என்று துரை குனிந்து காட்டினார்.

"அப்பத்தான்க்கா 'டப்'புனு ஒரு சத்தம். துரை மூஞ்சி வெளுத்துப்போச்சு. 'அச்சு முறிந்தது! சக்கரத்தை நிறுத்து!'ன்னு கத்தினாரு. ரிடில் தாத்தா வந்து ஒரு மணி நேரம் தடவிப் பாத்தாரு. அச்சுல ஒண்ணுமே இல்ல."

"துரை?"

"அவரு அப்பவே போயிட்டாரு. சின்னச் சின்னதா எட்டு வச்சு, வாத்து மாதிரி."

"அப்புறம் நீ தரையைக் கூட்டினியா?"

"சிந்திக் கிடந்த கறுப்பு மருந்தையெல்லாம் மொத்தமாக் கூட்டி அள்ளி, திரும்பச் சக்கரத்தடியில போட்டேன். அதானே வேலை."

"துரை குனிஞ்சு நீ இதுக்கு முன்னாடி பாத்திருக்கியா?"

பார்ட்லி தலையைச் சொறிந்தான். "இந்த வருஷம் இல்ல. போன மாசம் பேட்ரிக் திருநாள் அன்னிக்கு அவர் தொப்பி கீழ விழுந்துச்சு. யாராவது வர வரைக்கும் அது பக்கத்துலயே காவல் நின்னாரு. அவருக்குத் தொப்பி மேல அவ்ளோ பிரியம்னு நெனச்சோம்."

"கால்ல என்ன போட்டிருந்தாரு நேத்து?"

"புதுச் சட்டப்படி மடிப்பு வெட்டின கால்சட்டை."

ஹனோரா முதன்முறையாகச் சிரித்தாள். இரண்டு வாரத்துக்கு முன் வந்த அறிவிப்பு எண் 30, கால்சட்டையின் அடிமடிப்பில் மணல் சேர்ந்து ஆபத்து என்று கண்டுபிடித்து, எல்லா மடிப்புகளையும் வெட்ட உத்தரவிட்டிருந்தது. துரையின் கால்சட்டைகளையும் சேர்த்து வெட்டியவள் அவளே.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் துரையின் அறையில் எல்லோரும் கூடினார்கள். துரை மேசைக்குப் பின்னால். பார்ட்லி ஒரு மூலையில், யூனா அதற்கு நேரெதிர் மூலையில். ரிடில் கிழவர், தன் அச்சின் மேல் அபாண்டம் சுமத்திய கோபத்தில், தாடியை மென்றுகொண்டு நின்றார். ஃபின்டன் கதவைச் சாத்தினான். ஜன்னலுக்கு வெளியே பாதி ஓடைக்கரை, தற்செயலாக அந்தப் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தது. ஆனால் யாரும் நகரவில்லை.

"எல்லாரும் ஒருதரம் குனிஞ்சு கால் கட்டைவிரலைத் தொடுங்க," என்றாள் ஹனோரா.

பார்ட்லி தொட்டான். ஃபின்டன் இரண்டு தரம் தொட்டான். ரிடில் கிழவர் முழங்கால் வரை போய், அங்கேயே சில நிமிஷம் தங்கி, பிறர் உதவியோடு திரும்பி வந்தார்.

"துரை?"

"மேலாளர் குனிய வேண்டும் என்று எந்த அறிவிப்பிலும் இல்லை."

"சரி துரை, நீங்க உக்காந்தே கேளுங்க." அவள் பட்டையைக் கையில் எடுத்தாள். "யூனா, நீ எஜமானியம்மாவுக்குக் கட்டிவிட்டியே, அதுல முன்பக்கம் பட்டை எப்பிடி இருக்கும்?"

"ரெண்டு இருக்கும். ஒண்ணுல கொக்கி, ஒண்ணுல குமிழ். இவ்ளோ நீளம்." யூனா கையை விரித்தாள். ஹனோரா டேப்பை வைத்தாள். பதின்மூன்று அங்குலம்.

"இதுல கொக்கியும் இல்ல, குமிழும் இல்ல. நீளமும் ஒம்பதுதான். பொம்பளைக்குன்னா மார்ல ஒரு வளைவு, இடுப்புல ஒரு வளைவு வேணும். இது தட்டை. எதையும் வளைச்சு அழகு பண்றதுக்குச் செஞ்சதில்ல. ஒரு தொப்பையை உள்ள தள்ளி வைக்கிறதுக்குச் செஞ்சது."

யூனாவின் கண் மெல்ல பார்ட்லியின் வயிற்றுக்குப் போனது. அங்கே தொப்பை இல்லை. அந்த ஓடைக்கரையில் கூலிக்காரன் எவனுக்கும் தொப்பை இல்லை. கண் தானாகவே மேசைப் பக்கம் திரும்பியது.

"ஒரு மனுஷன் நெசமா இளைச்சா, இடுப்போட கழுத்தும் இளைக்கும்," என்று ஹனோரா தொடர்ந்தாள். "இடுப்பு மட்டும் ஆறு அங்குலம் போய், காலர் பதினெட்டுலயே நின்னா, அந்த ஆறு அங்குலம் எங்கயும் போகலை, இறுக்கிக் கட்டி வச்சிருக்குன்னு அர்த்தம். அப்பிடிக் கட்டினவரால குனிய முடியாது. தொப்பி விழுந்தா காவல்தான் நிக்கணும். ஒருநாள் வீம்புக்குக் குனிஞ்சாரு. தையல் தெறிச்சுது. அந்த 'டப்' அச்சுல வந்ததில்ல."

"நான் அப்பவே சொன்னேன்!" என்றார் ரிடில் கிழவர். "அது மேப்பிள் கட்டைடா! மேப்பிள்!"

"பட்டை நழுவிக் கால்சட்டைக்குள்ள இறங்குச்சு. பழைய கால்சட்டையா இருந்தா அடிமடிப்புல தங்கியிருக்கும். மடிப்பை வெட்டச் சொல்லி உத்தரவு. நேரா தரையில விழுந்துச்சு. பார்ட்லி மருந்தோட சேத்துக் கூட்டி அள்ளிச் சக்கரத்தடியில போட்டான். பொறி பறக்காதது நம்ம அதிர்ஷ்டம். பட்டை போன பிறகு கோட்டு நடுப் பட்டன் தாங்கலை. பொம்பளைங்க வந்தா எந்திரிக்கவும் முடியலை. நேத்துப் பூரா நீங்க நிக்கவே இல்ல துரை."

ஜன்னலுக்கு வெளியே யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார்கள்.

"ஸ்திரீயே!" துரையின் குரல் அறிவிப்பு அளவுக்கு உயர்ந்தது. "இது அவதூறு! வெளியேறு!"

"போறேன் துரை. ஆனா அறிவிப்பு எண் பதினாலு இருக்கே. ஆலையில இரும்பு கிடைச்சா, உள்ள போன எல்லாரையும், பதவி பாக்காம, தோல் வரைக்கும் சோதிக்கணும். நீங்க எழுதினதுதான். ரெண்டு பேரைச் சோதிச்சாச்சு. ஃபின்டன், மூணாவது யாரு?"

ஃபின்டன் கடமையே உருவாகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேசையை நோக்கி ஓரடி வைத்தான். வாழ்க்கையில் ஒருமுறையாவது நடுவில் சோதிக்க வேண்டும் என்கிற ஆர்வம் அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

துரை அவனைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு முதல்முறையாக மனுஷர் மாதிரி பேசினார்.

"முதுகு வலிம்மா எனக்கு. பிலடெல்பியா டாக்டர்தான் கட்டிக்கச் சொன்னாரு."

"முதுகு வலியாத்தான் இருக்கும் துரை. எங்க யாருக்கும் வேற எதுவும் தோணலை." ஹனோரா மேசைமேல் வெள்ளைத்தாள் ஒன்றை நகர்த்தி வைத்தாள். "பார்ட்லிக்கு வேலை, வீடு ரெண்டும் திரும்ப வரணும். நற்சான்றிதழும் இப்பவே. நல்லா நாலு வரி எழுதுங்க, உங்களுக்குத்தான் வருமே."

அவர் பதினொரு வரி எழுதினார். பயத்தில் எழுதியதால், அவர் வாழ்நாளில் எழுதியவற்றிலேயே அதுதான் தெளிவாக இருந்தது. 'நேர்மையானவன், நிதானமானவன், நெருப்பருகே நம்பி நிறுத்தலாம்' என்று கையெழுத்திட்டு முத்திரையும் வைத்தார்.

யூனா எதிர் மூலையிலிருந்து நடந்து வந்து பார்ட்லியின் முன்னால் நின்றாள்.

"அப்ப பொம்பளை யாரும் இல்ல?"

"இல்லடி."

"நேத்தே வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல, தடியா?"

"நீ எங்க சொல்ல விட்ட? தட்டுதான் பறந்து பறந்து வந்துச்சு."

அவள் நற்சான்றிதழை அவன் கையிலிருந்து வாங்கி, இரண்டு முறை படித்து, நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அறிவிப்பு எண் 32 வெளிவந்தது. மேலாளரின் இமைகொட்டாத விழிப்புணர்வால் ஒரு மாபெரும் விபத்து தவிர்க்கப்பட்டது என்றும், கிடைத்த பொருள் ஒரு மருத்துவக் கருவி என்று அவரே ஆராய்ந்து கண்டுபிடித்தார் என்றும், களங்கம் நீங்கிய வீரத் தொழிலாளி டெவ்லினை ஏழாம் ஆலை திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கொடியேற்றி வரவேற்கும் என்றும் அதில் கண்டிருந்தது.

திங்கட்கிழமை நூற்றுப் பதினொரு பேரும் வரிசையில் நின்றார்கள். கொடி ஏறியது. தளர்ந்த கோட்டும் பிதுங்கிய வயிறுமாகத் துரை உழைப்பின் புனிதம் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். ஃபின்டன் கைதட்டினான்.

பார்ட்லி வரவில்லை. நற்சான்றிதழைக் காட்டி, வில்மிங்டனில் ஒரு ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.